மேல்காற்று என்று அக்கா எழுதினாள்

காற்றுக்குப் பின்னால் நடப்பது என் வேலையாக இருந்தது. நாளைக்குக் காற்று எங்கே போகும் என்று சொல்கிறவர்கள் வேறு ஆட்கள்; அவர்கள் சொன்னது ரேடியோவில் வரும், தப்பினால் ஊரே சிரிக்கும். என் வேலை அதற்கு எதிர்த்திசை. இப்போது முகத்தில் படுகிற காற்று நேற்று எந்த ஊர் மேல் இருந்தது, முந்தாநாள் எந்தக் கடல் மேல் இருந்தது என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போக வேண்டும். இருபத்தாறு வயதில் எனக்கு இது வேலையாகவே தோன்றவில்லை. சம்பளம் கொடுத்து ஊர் சுற்றச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். அப்படிப் போட்ட கோடுகளில் ஒன்று எங்கே போய் முடிந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. திருச்சி விமான நிலையத்தின் ஓரத்தில் வானிலை அலுவலகம். இரண்டு அறை, ஒரு மொட்டை மாடி, கம்பி வேலிக்குள் கொஞ்சம் புல். பின்னாளில் கைலாசபுரம் முளைத்த பக்கம் அப்போது வெறும் பொட்டல். வானம் மட்டும் அங்கே தேவைக்கு மேல் இருக்கும். காலையில் ஒரு பலூனை விடுவோம். அது ஏற ஏற, தியோடலைட் என்கிற தூரநோக்கிக் கருவியில் கண்ணை வைத்து நான் அதைத் துரத்துவேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை கோணத்தைப் படிப்பேன். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். பலூன் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதை வைத்து ஆயிரம் அடியில் என்ன காற்று, ஐயாயிரம் அடியில் என்ன காற்று என்று கணக்குப் போட்டுவிடலாம். தரையில் ஒரு பக்கமாக அடிக்கும். மேலே அதற்கு நேர் எதிராக அடிக்கும். தெருவில் போகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. அவன் வேட்டி ஒரு திசையில் பறக்கும், அவன் தலைக்கு மேலே மேகம் இன்னொரு திசையில் போகும்.

ஒரு வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பம்பு வந்து இறங்கியது. இரவும் பகலும் அது காற்றை உறிஞ்சும். உறிஞ்சுகிற வாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தாளை வைக்க வேண்டும். மறுநாள் காலையில் எடுத்தால் அதில் ஒரு கறை இருக்கும். சில நாள் சாம்பல் நிறம், சில நாள் டீ சிந்தின மாதிரி. பெரிய தேசங்கள் பாலைவனத்திலும் தீவுகளிலும் குண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தூசு நம் பக்கம் வருகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று காதோடு காதாகச் சொன்னார்கள். எனக்கு வந்த உத்தரவு எளிமையானது: கறை அதிகமாக இருக்கிற நாளில், அந்தக் காற்று வந்த வழியைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பு. வெறும் கறையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கடல் உப்பும் கறைதான், அடுப்புப் புகையும் கறைதான். வந்த வழி தெரிந்தால்தான் அது யார் என்று சொல்லலாம்.

வழி கண்டுபிடிப்பது இப்படி. மதராஸ், திருவனந்தபுரம், விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் என்று மற்ற ஊர்க்காரர்கள் விட்ட பலூன்களின் கணக்கெல்லாம் டெலிபிரிண்டரில் எண்களாக வந்து சேரும். பெரிய படத்தில் திருச்சியில் பென்சிலை ஊன்றுவேன். இங்கே அடிக்கிற காற்றை ஆறு மணி நேரம் பின்னால் நடத்துவேன். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த நேரத்துக்கு என்ன காற்று என்று பார்த்து, அதை இன்னும் ஆறு மணி நேரம் பின்னால் நடத்துவேன். இப்படி மூன்று நாள் பின்னால் போனால் பென்சில் வங்காள விரிகுடாவில் நிற்கும், அல்லது தக்காணத்தில் ஏதோ ஒரு கரிசல் காட்டில். ரயிலுக்கு அது போகப்போகிற ஊரின் பெயரைத்தான் வைக்கிறோம். காற்றுக்கு மட்டும் அது வந்த திக்கின் பெயர். எங்கள் ஆபீசில் பலூனுக்கு வாயு நிரப்புகிறவர் பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு பாய். என் மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம் நிற்பார்.

"என்ன தம்பி, இன்னைக்கும் காத்துக்கு விலாசம் தேடுறீங்களா?"

"ஆமா பாய்."

"பொண்ணு குடுக்கிறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான். வந்தது வந்துருச்சு. ஒரு வாய் டீயைக் குடுத்து அனுப்புவீங்களா..."

உயரத்தில் அடிக்கிற காற்றுக்கு ஆபீஸ் பாஷையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. பாய் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் வாயில் அது 'மேல்காத்து'. "மேல்காத்து ரெடி தம்பி" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தால் பலூன் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. அதற்கு ஏற்கெனவே வேறு அர்த்தம் உண்டு என்பதை நினைக்காமலேயே அதை வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

வீடு என்றால் அக்காவும் நானும். ஸ்ரீரங்கத்தில் மேல அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன். அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். அக்காவுக்கு என்னைவிட எட்டு வயது கூட. தெருவில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் மெஷினில்தான் பிறந்தது. சின்ன வயசிலிருந்து அவளுக்கு இழுப்பு. அதனாலேயே கல்யாணம் ஆகவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்கிற நேரம் பாத்துத்தான் இந்தச் சனியன் விசில் ஊதும்" என்பாள், சிரித்துக்கொண்டே. நல்ல நாளில் அவள் மெஷினை மிதிக்கிற வேகத்துக்கு வீடு அதிரும். கெட்ட நாளில் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி உயர்ந்திருக்க, ஒவ்வொரு மூச்சாக விலைக்கு வாங்குகிறவள் மாதிரி நிற்பாள்.

ஆபீஸ் ஊருக்குத் தெற்கே. நாங்கள் ஆற்றுக்கு வடக்கே. இந்தப் பக்கமும் யாராவது பார்த்து எழுதினால் நன்றாக இருக்குமே என்று அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். காலையில் மொட்டை மாடிக்குப் போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பளிச்சென்று தெரிகிறதா, மங்கலா, இல்லவே இல்லையா. பிறகு காற்று. மேகம் இருந்தால் அது போகிற பக்கத்தையும் பார் என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவதாக ஒரு பத்தியை அவளே கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டாள்: மூச்சு.

"மலைக்கோட்டை பளிச். கீழ்காற்று. மூச்சு நல்லது."

"கோட்டை கரிக்கோடு மாதிரி. மேல்காற்று. இழுப்பு."

"கோட்டையைக் காணோம். யாரோ கழட்டிக்கொண்டு போய்விட்டார்கள் போல. மேல்காற்று. இழுப்பு. தைக்கவில்லை."

இப்படி இரண்டு வருஷம். சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்தும்போதே மாடியிலிருந்து கேட்பாள்: "டேய், இன்னைக்கு மேல்காத்து எப்படி?" பலூன் என்ன சொன்னது என்று கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் சொல்வேன். அந்தக் கேள்வியில் மேல்காற்று என்றால் உயரத்துக் காற்று. ஆகவே அவள் நோட்டிலும் அதுதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்க வேண்டிய ஒன்றாகவே அது என் முன்னால் வந்து நிற்கவில்லை.

மூன்றாவது வருஷம் தை மாசத்தில் இழுப்பு அதிகமாயிற்று. பெரிய கடைவீதிப் பக்கம் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"இன்னொரு கோடையை இவங்க இங்கேயே கழிச்சா நுரையீரல் தாங்காது. இடம் மாத்துங்க. கடற்கரைப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"நாகப்பட்டினத்துல பெரியம்மா இருக்காங்க."

"அனுப்புங்க. இல்லேன்னா தோப்பு தொரவுமா, புழுதி இல்லாத இடமாப் பாருங்க. ஆனா மாசி தாண்டக் கூடாது."

எங்களுக்கு இருந்தது இரண்டு வீடு. கிழக்கே கடலோரம் பெரியம்மா. மேற்கே, முக்கொம்புக்குப் போகிற வழியில், ஆற்றங்கரையில் சித்தப்பா. வாழைத் தோட்டத்துக்கு நடுவில் அவர் வீடு. அக்கா யோசிக்கவே இல்லை.

"நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்டா. கடலைப் பாத்ததே இல்ல. அங்க போயும் மூச்சு வரலைன்னா, கடலையாவது பாத்தோம்னு இருக்கும்."

"இரு. எந்தப் பக்கத்துக் காத்து உனக்கு ஆகலைன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"நீ பாக்கிறதுக்குள்ள காத்தே நின்னு போயிடும்."

"நோட்டைக் குடு."

"எடுத்துக்கோ. உள்ள ஒரு ஊக்கு குத்தி வெச்சிருக்கேன், கையைக் கிழிச்சுக்காத."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் ஆபீசில் உட்கார்ந்தேன். அக்காவின் நோட்டு ஒரு பக்கம், பலூன் ரிஜிஸ்டர் ஒரு பக்கம், நடுவில் படம். இழுப்பு என்று எழுதியிருந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மேல்காற்று. மூச்சு நல்லது என்று இருந்த நாட்களில் கீழ்காற்று. தரையோடு அடிக்கிற காற்று இருக்கிற நாளில் அவள் நன்றாக இருக்கிறாள். உயரத்துக் காற்றின் ஆட்சி இருக்கிற நாளில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அப்படியென்றால் வெகு தூரத்திலிருந்து உயரத்திலேயே பயணம் செய்து வருகிற ஏதோ ஒன்று இறங்கி அவள் நெஞ்சில் உட்காருகிறது. அந்த நாட்களின் உயரத்துக் காற்றைப் பின்னால் நடத்தினேன். மாசி பங்குனிக் காலைகளில் மூவாயிரம் அடியில் அது கிழக்கிலிருந்து வந்தது. கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கடற்கரையைத் தாண்டின, விரிகுடாவைத் தாண்டி வடக்கே வளைந்தன, கங்கையின் முகத்துவாரம் வரைக்கும் போயின. கோடிக்கணக்கான அடுப்புகளின் புகை கடல் மேல் தவழ்ந்து, என் அக்காவைத் தேடிக்கொண்டு வருகிறது. அவ்வளவு தூரம் போய்வந்த பென்சிலைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

தரைக்காற்று ரிஜிஸ்டர் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைப் புரட்டவில்லை. விமான நிலையத்தில் அந்தக் காலைகளில் தரைக்காற்று இருக்கிற இடமே தெரியாது. பெரும்பாலும் 'அமைதி' என்றுதான் எழுதுவோம். அதில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தூரம்தான் வேண்டியிருந்தது. பக்கத்தில் இருப்பதைத் தேட யாருக்குக் கோடு வேண்டும்?

அன்று சாயங்காலம் அக்காவிடம் படத்தை விரித்துக் காட்டினேன். விரலை வைத்துக் கோட்டின் மேல் மெல்லக் கடல் வரைக்கும் போனாள். அங்கே விரலை நிறுத்தினாள்.

"அப்போ கடல்காத்துதான் எனக்கு எமனா?"

"அந்த வழியாத்தான் வருதுக்கா. பெரியம்மா வீடு அதுக்கு முதல் வாசல் மாதிரி. வேண்டாம்."

"சரி. படிச்சவன் சொன்னாச் சரி."

பெரியம்மாவுக்கு எழுதி வைத்திருந்த கார்டை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டாள். பிறகு ஒரு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்டது. அன்று அவள் யாருக்கும் எதுவும் தைக்க வேண்டியிருக்கவில்லை.

மாசி பிறந்ததும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா ரோட்டுக்கே வந்து நின்றார். "வாம்மா, வா. நம்ம ஊருக் காத்துக்கு எந்த வியாதியும் நிக்காது. பத்து நாள்ல உன்னை ஓட விடுறேன் பாரு" என்று அவள் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். சித்தி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார், கல்யாணப் பெண் வந்துவிட்ட மாதிரி. எனக்கு அந்த ஊரை மழைக்காலத்திலும், ஆற்றில் தண்ணீர் வருகிற ஆடியிலும் மட்டும்தான் தெரியும். அன்று வீட்டுக்கு மேற்கே, படுகையில், செங்கல் அறுத்து வரிசை வரிசையாகக் காயவைத்திருந்தார்கள். யார் யாரோ குத்தகைக்கு எடுத்த இடம். ஈரம் காயாத கல்லின் மேல் வெயில் பட்டு, தேன் நிறத்தில் அரை மைல் கிடந்தது. "பாருக்கா, எவ்வளவு அழகா இருக்கு" என்று நானே அவளுக்குக் காட்டினேன். காய்ந்த கல்லை அடுத்து என்ன செய்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

வாரம் ஒரு கார்டு வந்தது. முதல் கார்டில் நல்லா இருக்கேன் என்று இருந்தது, வாழைப்பூ உசிலி என்று இருந்தது, சித்தி என்னை ஊசியைத் தொட விடமாட்டேங்கிறார் என்று இருந்தது. இரண்டாவது சின்னதாக இருந்தது. மூன்றாவதில் எழுத்து கோணல். எழுதும்போது கை எங்கோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான்காவது பங்குனியில் வந்தது. மத்தியானம் டியூட்டி முடிந்து வந்து, படியிலேயே நின்று படித்தேன்.

"இங்கே மேல்காற்று அடிச்சா நம்ம வீட்டைவிட ஜாஸ்தியா இழுக்குது. சாயங்காலத்துக்கு மேல கீழ்காற்று திரும்பினா கொஞ்சம் தூங்கலாம். சித்தப்பாகிட்ட சொல்லலை. அவர் மனசு கஷ்டப்படும். அங்கே என்ன காத்து?"

திரும்பினா.

உயரத்துக் காற்று தரைக்காற்றாகத் திரும்பாது. இரண்டும் எப்போதும் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக. திரும்புவது திசை. கார்டைப் புரட்டினேன். விலாசத்தின் முதல் வரி அவள் கோணல் எழுத்தில் இருந்தது: மேல அடையவளஞ்சான் தெரு.

மேல. மேற்குத் தெரு. தெருவுக்குப் பின்னால் போகிற ரோடு மேலூர் ரோடு, மேற்கே இருக்கிற ஊர் என்பதால் மேலூர். கோயிலுக்குக் கிழக்கே இருப்பது கீழ வாசல். பிறந்ததிலிருந்து இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் மேல்காற்று என்றால் மேற்கேயிருந்து வருகிற காற்று, கீழ்காற்று என்றால் கிழக்கேயிருந்து வருகிற காற்று. அக்கா இரண்டு வருஷமும் நல்ல தமிழில், சரியாக, ஒரு நாள் தவறாமல் எழுதியிருக்கிறாள். மேற்குக் காற்று, இழுப்பு. மேற்குக் காற்று, இழுப்பு. நான் அதை மூவாயிரம் அடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கங்கைக்கு அனுப்பிவிட்டு, அவளை மேற்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கோடு தப்பில்லை. அந்த உயரத்தில் அந்தக் காற்று அங்கிருந்துதான் வந்தது; தலைமை அலுவலகத்திலிருந்து அதைப் பாராட்டி எனக்குக் கடிதம்கூட வந்தது. அது அக்கா சுவாசித்த காற்று இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். ஊர் வருவதற்கு முன்னாலேயே தெரிந்தது. படுகையில் சூளைகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை. விறகும் உமியும் எரிகிற புகை, ஏற வலுவில்லாமல், பால் கொட்டின மாதிரி தரையோடு தரையாகக் கிழக்கே வழிந்துகொண்டிருந்தது. மேல்காற்று. இலைகூட ஆடாத, ரிஜிஸ்டரில் 'அமைதி' என்று எழுதுகிற காற்று. அந்தப் புகையின் வழியில் முதலில் சித்தப்பா வீடு. இன்னும் கொஞ்சம் தெம்பிருந்தால் ஆற்றோடு மேலூர், அப்புறம் எங்கள் மொட்டை மாடி, அப்புறம் மலைக்கோட்டை.

அக்கா உள்ளறையில் பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் ஒரு தலையணையை அடுக்கி அதன் மேல் கவிழ்ந்திருந்தாள். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். சித்தப்பா தோட்டத்தில் இருந்தார். சித்தி காப்பி போடப் போனார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பலூன், மேல்காற்று, படம், கோடு. சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"அடப்பாவி. மேல்காத்துன்னா... மேக்கேருந்து வர்ற காத்துதானேடா. பால்காரனைக் கேட்டாக்கூடச் சொல்வானே." மூச்சு வாங்கிவிட்டு மறுபடி. "நான் என்ன பறந்து போயா பாத்துட்டு வந்து எழுதுவேன்?"

சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அடங்கினதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பாகிட்ட சொல்லிடாத."

"ஏன்?"

"உன்னைப் பெரிய படிப்பாளின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு மனுஷன். மானம் போயிடும்டா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை எவ்வளவு காலம் சுமக்க வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் தெரியாது.

ஒரு வாடகைக் காரைப் பிடித்து அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நாகப்பட்டினம் போகலாம் அக்கா, நாளைக்கே போகலாம் என்றேன். டாக்டர் கேட்டுவிட்டுத் தலையசைத்து மறுத்தார். ரயிலில் அவ்வளவு தூரம் உட்கார இப்போது நெஞ்சில் பலம் இல்லை, கொஞ்சம் தேறட்டும் என்றார். கொஞ்சம் தேறுவதற்காகக் காத்திருந்தோம். சித்திரை போயிற்று. சூளைகள் அணைந்தன. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்தது, ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. அவள் மாடிப்படி ஏறவில்லை. மெஷினின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தோம். ஒவ்வொரு தடவை வரும்போதும் போனதைவிட ஒரு சுற்று இளைத்து வந்தாள்.

நான் பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதி, கடல் எப்படி இருக்கிறது என்று விரிவாக எழுதச் சொன்னேன். பெரியம்மாவுக்கு அது புரியவில்லை. கடல் நன்றாக இருக்கிறது, மீன் விலைதான் அதிகம் என்று எழுதினார். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "பெரியம்மா நோட்டு எழுதினா நல்லா இருக்கும்டா. குழப்பமே வராது" என்றாள்.

ஐப்பசி அடைமழையில் இறந்தாள். காற்றில் தூசு என்று சொல்ல ஒன்றுமே இல்லாத வாரம் அது. கிழக்கிலிருந்து, கடலிலிருந்து, கழுவித் துடைத்த காற்று வந்துகொண்டிருந்தது. பொது வார்டில், காலை எட்டு மணிக்கு, பக்கத்துக் கட்டில்காரிக்கு இட்லி கொண்டுவந்தவர்கள் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எந்தக் காற்று நல்ல காற்று என்று தெரிந்து என்ன? அது வரும்போது வாங்கிக்கொள்ள நெஞ்சில் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைப் பங்குனியிலேயே தீய்த்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தங்கள் வந்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. மாடியில் பந்தி. பாய் சைக்கிளில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். சித்தப்பா தூணில் சாய்ந்து, தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாசத்தில் பத்து வயது கூடியிருந்தது. சாம்பார் வாளியோடு வந்த சித்தி என்னைக் கண்டதும், வாளியைக் கீழே வைத்துவிட்டு, கூடத்து மூலைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லுப்பா. எங்க வீட்டு அடுப்புப் புகைதானே?"

"என்ன சித்தி?"

"உள்ளறைக்கும் அடுப்படிக்கும் நடுவுல கதவு இல்ல. நான் ஈர விறகை வெச்சு எரிச்சேன். இந்த மனுஷன் அன்னையிலேருந்து எங்கிட்ட பேசுறதில்ல. அடுப்பைக் கொல்லையில கொண்டுபோய் வெச்சுட்டாரு. நம்ம வீட்டுக்கு வந்துதானே பொண்ணு போச்சு, நம்ம வீட்டுக்கு வந்துதானேன்னு அவரே பேசிக்கிறாரு. நீ படிச்சவன். காத்தையே படிச்சவன். நீ சொன்னா நம்புவாரு. எங்களாலயா?"

அவர் கண் என் முகத்தில் இருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் சின்னது. நான் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தேன் சித்தி, அவ்வளவுதான். தூணடியில் சித்தப்பா தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தார். அக்கா சொன்ன 'சொல்லிடாத' எனக்கு நல்ல மறைவாக அமைந்தது. அவள் சொல்லியிருக்காவிட்டாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன் என்று இப்போது தெரிகிறது.

"உங்களால இல்ல சித்தி. அவளுக்குக் காத்து ஒத்துக்கல. அது யார் கையில இருக்கு?"

அது பதில் இல்லை என்று சித்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, நீ போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். சித்தப்பா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் அக்காவின் திதிக்கு ஒரு வாழைத்தாரை எடுத்துக்கொண்டு வருவார். வாசலோடு கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவார். அடுப்பு கடைசி வரைக்கும் கொல்லையில்தான் இருந்தது.